சம்மனசுக்கு முகம் எழுதியவள்

எப்பேர்ப்பட்ட சாமர்த்தியக்காரிக்கும் புத்தி மழுங்கும் ஒரு நாள் உண்டு. பெயிண்டருக்கு அது வீட்டில் ஒட்டடை அடித்த நாள்.

வண்டிகளுக்கு நம்பர் பிளேட்டும் கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் எழுதுவது அவள் தொழில். அதனால் தெருவுக்கே அவள் பெயிண்டர்தான். அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் வாசற்கதவுக்கு மேலே வாளேந்திய சம்மனசு, இறக்கை வைத்த தேவதூதர், காவல் இருந்தது. கண்ணாடியின் பின்பக்கத்தில் சாயத்தால் எழுதி, முன்பக்கமிருந்து பார்க்கும் படம். மாமியாரின் மாமியார் காலத்தது. லாரி ஓட்டும் மகன் கிளம்பும்போதெல்லாம் மாமியார் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்.

சட்டத்தைக் கழற்றி முன்பக்கம் துடைத்தாள், பளபளத்தது. அத்தோடு விட்டாளா? பின்பக்கமும் அழுக்காக இருக்கிறதே என்று சோப்புத் துணியால் ஒரு தேய்! பழைய சாயம் உரிந்து வாளியில் மிதந்தது. இறக்கை மிச்சம், வாள் மிச்சம், முகத்தைக் காணோம்.

“அடிப்பாவி! என் மகன் ரோட்டுல இருக்கான். அவனைக் காக்கிறவரை வாளியில கரைச்சிட்டியே!”

“நானே எழுதிடறேன், அத்தை.”

“நம்பர் எழுதுற கைக்குச் சம்மனசு முகம் வருமா? படம் சரியாகி மேல ஏறுற வரைக்கும் உன்கூடப் பேச்சே இல்ல, போ!”

சொன்னபடியே செய்தார். உப்பு குறைந்தால்கூடச் சுவரிடம்தான் சொன்னார். தாயில்லாமல் வளர்ந்தவள் பெயிண்டர். அவளை வாய் நிறையத் திட்டி, அடுத்த நிமிடமே சேர்ந்து சிரிக்க அந்த ஒரு ஆள்தான் இருந்தார். அவர் மறுபடி திட்டினால் போதும் என்றிருந்தது.

தூரிகையை எடுத்தாள். முகத்துக்குத் தோல்நிறம் பூசி, காய்ந்ததும் அதன்மேல் கண், மூக்கு, வாய் எல்லாம் எழுதினாள். அம்சமாக வந்தது. திருப்பிப் பார்த்தால் வெறும் தோல்நிறம்! பலகைக்கு முதலில் அடிப்பூச்சு, பிறகுதான் எழுத்து. அந்தப் பழக்கம் காலை வாரிவிட்டது.

எட்டிப் பார்த்த மாமியார் சுவரிடம் சொன்னார்: “முட்டைக்கு இறக்கை முளைச்சிருக்கு.”

வந்ததே ரோஷம்! டர்பென்டைன் தொட்டு முகத்தை மட்டும் துடைத்தெடுத்தாள். இந்தத் தடவை எல்லாமே தலைகீழ். கருவிழி முதலில், பிறகு புருவம், உதடு, மூக்கின் கோடு, விழியின் வெள்ளை, கன்னத்துச் சிவப்பு. தோல்நிறம் கடைசியில். எழுதியதை எல்லாம் தன் கையாலேயே மூடி மறைத்துக்கொண்டு போக வேண்டும். காய்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்பினாள்.

கண்ணைத் திறந்தால் சம்மனசு அவளையே பார்க்கிறது!

“அத்தை! வந்திடுச்சு, அத்தை! கண்ணு வந்திடுச்சு!”

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். மாமியார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மூக்கு பழைய மூக்கு இல்லையே” என்றார், தையல்காரரிடம்.

“அது உங்க மருமக மூக்காச்சே!” என்று தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

உண்மைதான். அதே சப்பை மூக்கு. பெயிண்டருக்கு அப்போதுதான் உறைத்தது, முகம் செத்துப்போயிற்று.

“அழிச்சிட்டு வேற எழுதறேன், அத்தை...”

மாமியார் முக்காலியை இழுத்துப் போட்டு, தாமே ஏறி, படத்தை மாட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மருமகளை நேருக்கு நேர் பார்த்தார்.

“கைய வச்சே, தெரியும் சேதி! என் மகன் வீடு திரும்புறதே இந்த மூக்கைப் பார்க்கத்தான்டீ. இதுவே காக்கட்டும்.”