வழக்கமான இரண்டு வரி

வலது காலின் பூட்ஸை மட்டும் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறை போட்ட பாதத்தால் மிதியை அமுக்குகிறாள் வெர்னா ஹாகன். அமுக்கினால் ஒலிநாடாவில் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிற்பார். பூட்ஸோடு மிதித்தால் டாக்டர்கள் முரண்டு பிடிக்கிறார்களாம். "மென்னு முழுங்கிட்டுப் பேசுங்க டாக்டர். ரொட்டிக்கு நடுவுல கல்லீரலத் தேட முடியல" என்று காதில் மாட்டிய குழாயோடு சண்டை போடுவாள்.

வடக்கு மினசோட்டாவின் இந்தச் சுரங்க ஊரில், ஆஸ்பத்திரியின் நிலவறைதான் எங்கள் அலுவலகம். டாக்டர்கள் நாடாவில் பேசி அனுப்புவதைத் தட்டச்சு செய்வதுதான் வேலை. நோயாளிகளை வெர்னா பார்த்ததே இல்லை; ஊரில் பாதிப் பேரைத் தட்டச்சு செய்திருக்கிறாள். பத்தொன்பது வருடமாக அடுத்த மேசை என்னுடையது.

தாள்களுக்கு அவளே பெயர் வைத்திருக்கிறாள். சேர்க்கைக் குறிப்பு "வந்த கதை". அறுவை அறிக்கை "வெட்டுன கதை". வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் சுருக்கம் "போன கதை". இறப்புச் சுருக்கத்துக்கு மட்டும் பெயர் கிடையாது. அது வந்துவிட்டால் ஊறுகாய் மீன் டப்பாவை மூடி வைத்துவிடுவாள். "செத்தவங்க முன்னால மெல்லக் கூடாதுடி" என்பாள். நான் தின்றால் முறைப்பாள்.

அறுவை அறிக்கையின் முடிவில் டாக்டர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். அதனால் "வழக்கமானதப் போட்டுக்கோ" என்று சொல்லி நாடாவை நிறுத்திவிடுவார்கள். டாக்டர் ப்ரூயிட்டுக்காக வெர்னா கணினியின் ஆறாம் விசையில் அந்த முடிவை ஏற்றி வைத்திருந்தாள். ஒரு தட்டுத் தட்டினால் தானாக விழும்: "நோயாளி அறுவையை நன்கு தாங்கினார். நல்ல நிலையில் மயக்கம் தெளியும் அறைக்கு அனுப்பப்பட்டார்."

போன மார்ச்சில் ஆர்லீன் மாக்கி என்ற நாற்பத்துநான்கு வயதுப் பெண், பித்தப்பை அறுவையின்போது மேசையிலேயே இறந்துபோனாள். ரத்தம் பீறிட்டதையும் அதை நிறுத்தப் போராடியதையும் களைத்த குரலில் சொல்லி வந்த ப்ரூயிட், கடைசியில் பழக்கதோஷத்தில் "வழக்கமானதப் போட்டுக்கோ வெர்னா" என்றார். பழக்கதோஷத்தில் இவளும் தட்டினாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். புருஷன் கேட்டிருந்ததால் ஒரு நகல் தபாலில் போயிற்று.

நான்கு நாள் கழித்து அதே பெயரில் இறப்புச் சுருக்கம் வந்தபோதுதான் வெர்னாவின் பாதம் மிதியை விட்டு எழுந்தது. அன்று முழுக்க அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவள் புருஷன் வெய்னோ மாக்கி, நகல் கொடுக்கும் எங்கள் ஜன்னலுக்கே வந்துவிட்டார். சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர். தபாலில் வந்த தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அவ கண்ணு முழிச்சாளாம்மா? நல்ல நிலையிலன்னு போட்டிருக்கே. அந்த ரூம்ல தனியாவா கிடந்தா? நான் மேல காபி குடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னத் தேடினாளா, அத மட்டும் சொல்லுங்க."

நோயாளியின் குடும்பத்தாரிடம் நாங்கள் வாய் திறந்தால் வேலை போய்விடும். அந்த விதி சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. "டாக்டரக் கேக்கச் சொல்லிடு" என்று வெர்னாவின் முழங்கையைப் பிடித்துக் கிசுகிசுத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது பயம்தான் இருந்தது.

வெர்னா கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அவங்க முழிக்கவே இல்லங்க. மேசையிலயே போயிட்டாங்க. உங்களத் தேட அவங்களுக்கு நேரமே கிடைக்கல. டாக்டர் 'வழக்கமானது'ன்னாரு, நான் கவனிக்காம இந்த ரெண்டு வரியத் தட்டிட்டேன்."

"என் மனசு ஆறணும்னு சொல்றீங்க" என்றார் மாக்கி. "இவ்வளவு தெளிவா இருக்கே. யாரோ அவளப் பாத்துட்டுத்தானே எழுதியிருக்கணும்?"

வெர்னா குனிந்து, வெறுமையாக இருந்த திரையின் முன்னால் ஆறாம் விசையை ஒருமுறை தட்டினாள். திரையில் அதே இரண்டு வரி விழுந்தது: நோயாளி நன்கு தாங்கினார். நல்ல நிலையில் அனுப்பப்பட்டார். மாக்கி கையிலிருந்த தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ" என்றார்.

வெர்னா விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.