வண்டியை நிறுத்தச் சொன்ன நங்கையா

ஸ்ரீதேவிக்குச் சென்னிமலையில் தாலி கட்டி, நாமக்கல்லுக்கு அழைத்து வந்த அன்று நடந்தது இது. வேன் நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம். விடிகாலை முகூர்த்தம் என்பதால் நடுச்சாமத்திலேயே எழுப்பிச் சேலை கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெண்ணுக்கு ஒதுங்குவதற்கு நேரம் கிடைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பள்ளிபாளையம் பாலத்தை வேன் தாண்டும்போது அவளுக்கு அடிவயிறு கடுத்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. புதுப்பெண் வாயைத் திறந்து எப்படிச் சொல்வாள்? பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏப்பா டிரைவரு, வண்டிய ஓரங்கட்டு. எனக்கு அவசரம்."

"இப்பத்தான வண்டிய எடுத்தோம். இவளக் கூட்டிட்டு வந்தாலே ரோதனைதான்" என்றார் ஒரு பெரியப்பா.

"நீங்க பீடி குடிக்க நிறுத்துனப்ப நான் ஏதாச்சும் கேட்டனுங்களா பெரியப்பா?"

வேனே சிரித்தது. கக்கத்தில் கட்டை ஊன்றி இறங்கிய அந்த அம்மாள், "அம்மிணி, எனக்கு ஒத்தையில நடக்க வராது. கையக் கொஞ்சம் புடிச்சுக்க" என்று புதுப்பெண்ணை மட்டும் கூப்பிட்டார். ரோட்டோரத்தில் தறி ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டுப் பெண்ணிடம் நாலு வார்த்தை நயமாகப் பேசினார். கொல்லைப்பக்கத்துக் கதவருகே போனதும், "நீ போ கண்ணு. நான் இங்கயே நிக்கறேன்" என்றார். அவர் உள்ளே போகவே இல்லை. திரும்பி வந்து வேனில் ஏறியபோது எல்லோரும் அவரைத்தான் கேலி பேசினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவர்தான் வள்ளியாத்தாள். மாப்பிள்ளை இளவழகனின் அக்காள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவது. அன்றைக்கு நடந்ததைப் பற்றி நங்கையா அதற்குப் பிறகு ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு வலது கால் சூம்பிப் போயிருந்தது. தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, கோழிப் பண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துப் போனார். பெரிய முட்டை, சிறிய முட்டை என்று பிரித்து அட்டையில் அடுக்குவது. அந்தச் சம்பளத்தில்தான் தம்பியை ஆளாக்கினார். இளவழகன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பழகி, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டார். பெண் கேட்டு வந்தவர்கள் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என்று ஊரில் பேசுவார்கள். நங்கையாவைக் கேட்டால், "எவனையும் எனக்குப் புடிக்கல. அவிங்க மூஞ்சிய நான் பாத்தேன், என்ற கால அவிங்க பாத்தாங்க. அத்தோட முடிஞ்சுது" என்பார். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பார். ஆசை என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். திருச்செந்தூர்க் கடலில் முழுகி எழுந்து முருகனைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆசை வருஷா வருஷம் தள்ளிப் போனது. அதற்குள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் கட்டையை ஊன்றியும் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடையில் விற்கிற நாற்காலியை இளவழகன் கையால் ஆட்டிப் பார்த்தார். "இதெல்லாம் தகரமுங்க. என்ற அக்காளுக்கு நானே கட்டறேன்" என்று வந்துவிட்டார். லாரிக்குப் போடுகிற இரும்பு, லாரிக்குப் போடுகிற பெயிண்ட். முதுகுப் பலகையில் பட்டறைப் பெயிண்டர் ஒரு தாமரையும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கிளியும் வரைந்திருந்தார். பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் வேறு. முன்னால் எலுமிச்சம்பழம் கட்டித்தான் நங்கையாவை உட்கார வைத்தார்கள்.

"பத்து டன் ஏத்துனாலும் வளையாதுக்கா."

"நான் என்னடா பத்து டன்னா இருக்கறேன்?" என்றார் நங்கையா. ஆனால் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

உள்ளே தாராளமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அகலமாக வைத்தார் இளவழகன். வாசற்கதவு எத்தனை அகலம் என்று பார்க்கவில்லை. லாரிக்குக் கதவு பார்த்துப் பழக்கம் இல்லையே. வீட்டில் நிலைப்படியை இடித்து அகலப்படுத்திக்கொண்டார்கள். அதனால் அந்தக் குறை அப்போது தெரியவில்லை.

மகள் பிரீத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில், ஒரு வழியாகத் திருச்செந்தூர் கிளம்பினார்கள். வேன் ஓட்ட லாரி டிரைவர் செங்கோடன் வந்தார். நாற்காலியை ஏற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. நங்கையாவைத் தூக்கிச் சீட்டில் வைக்க இன்னும் ஒரு தடவை.

கரூரில் டிபனுக்கு நிறுத்தினார்கள். நங்கையா எதையும் தொடவில்லை.

"எனக்கு வேண்டாம் சாமி. முருகனப் பாக்கற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு வேண்டியிருக்கறேன்."

ஸ்ரீதேவி அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த வயதில் இப்படி ஒரு பக்தியா என்று அவளுக்கு மனசு நெகிழ்ந்து போனது.

"அத்தை, வெய்யில் இந்தக் கொளுத்து கொளுத்துது. ஒரு வாய் மோர் குடிச்சா முருகன் கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள் பிரீத்தி.

"வேண்டுதல்ல வெளையாடாத, பேசாம இரு" என்று ஸ்ரீதேவி மகளை அதட்டினாள். மகள் நீட்டிய மோர் டம்ளரை அவளே வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். பின்னாளில் அந்த மோர் டம்ளரை நினைத்து அவள் எத்தனையோ தடவை நொந்துகொண்டாள்.

திண்டுக்கல், மதுரை என்று வெயில் ஏறிக்கொண்டே வந்தது. நிறுத்திய இடத்திலெல்லாம் எல்லோரும் இறங்கி ஏறினார்கள். நங்கையா மட்டும் சீட்டை விட்டு அசையவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் உதடு காய்ந்து வெள்ளை பூத்துவிட்டது. விரதக் களைப்பு என்று ஸ்ரீதேவி நினைத்தாள்.

சாயங்காலம் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கீழ் ரூம் வேண்டும் என்று போனிலேயே கேட்டு வைத்திருந்தார்கள். கீழ் ரூம்தான் கொடுத்தார்கள். ஆனால் பாத்ரூம் கதவுக்குள் நாற்காலி போகவில்லை. இளவழகன் நேராகத் தள்ளிப் பார்த்தார், சாய்த்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்துக் கதவை அளந்தார், நாற்காலியை அளந்தார், மறுபடியும் கதவை அளந்தார்.

"அளந்தா கதவு வளருமுங்களா?" என்று ஸ்ரீதேவி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நாற்காலியில் இருந்த நங்கையாவின் தலை தொங்கிவிட்டது.

பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். நாக்கைப் பார்த்தார், கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"கடைசியா எப்பத் தண்ணி குடிச்சாங்க?"

"விரதமுங்க டாக்டர். நேத்து மத்தியானத்துல இருந்தே குடிச்சுப் பாக்கலீங்க" என்றாள் ஸ்ரீதேவி.

டாக்டர் சத்தம் போடவில்லை. குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு ஸ்ரீதேவியைப் பார்த்து, "எந்தச் சாமிம்மா இதக் கேட்டுச்சு?" என்றார், அவ்வளவுதான்.

பாட்டில் பாதி இறங்கியதும் நங்கையா கண் விழித்தார். இளவழகன் வெளியே எங்கோ போயிருந்தார். பக்கத்தில் ஸ்ரீதேவி மட்டும்தான்.

"அம்மிணி" என்றார் மெதுவாக. "விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முருகன் பேரச் சொல்லிப் பொய் சொல்லிப்போட்டேன்."

ஸ்ரீதேவிக்குப் புரியவில்லை.

"வழியில எனக்கு ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? நாக்காலிய எறக்கோணும். ரெண்டு ஆம்பளைக என்னையத் தூக்கோணும். பொறகு கதவு பத்தாது. ரோடே நின்னு பாக்கும். தண்ணி குடிக்கலீன்னா யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு. சும்மா வேண்டாம்னா நீங்க உடமாட்டீங்க. வேண்டுதல்னு சொன்னா யாரும் மேக்கொண்டு பேச மாட்டீங்க."

"எத்தன நாளா நங்கையா இப்படி?"

"கட்ட ஊணி நடந்தப்பவும் இப்படித்தான். கல்யாணம், காது குத்து, எங்க போனாலும் மொத நாளே தண்ணிய நிறுத்திருவேன். பழகிப் போச்சு."

தன் கல்யாண நாளன்று அந்தத் தறி வீட்டுக் கொல்லையில் கதவுக்கு வெளியே நின்றவர் ஸ்ரீதேவியின் கண்ணுக்குள் வந்தார். அவசரம் என்று வேனை நிறுத்தச் சொன்னவருக்கு அன்றைக்கு எந்த அவசரமும் இருந்திருக்காது. தொண்டை நனையாமல்தான் வந்திருப்பார். தனக்காக ஒரு நாளும் வண்டியை நிறுத்தச் சொல்லாதவர், வேறு வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்காகக் கேலியும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இது தனக்குத் தெரியாமல் போயிற்றே.

"காத்தால ஊட்டுக்குத் திரும்பிரலாம் கண்ணு" என்றார் நங்கையா. "பொய் விரதம் இருந்துட்டுச் சாமி முன்னால போய் நிக்கப்படாது. கடலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனிமேல் என்னைய எங்கயும் கூப்புடாதீங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆயுசுக்கும் இருந்த ஒரே ஆசை, கடற்கரைக்கு இத்தனை பக்கத்தில் வந்து அறுந்து போகப் பார்த்தது. ஸ்ரீதேவி எவ்வளவு கெஞ்சினாலும் நங்கையா அசையமாட்டார். அது அவளுக்குத் தெரியும். ஆனால் வேண்டுதல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நங்கையா அதை மீறமாட்டார். அதுவும் அவளுக்குத் தெரியும்.

செம்பில் தண்ணீர் எடுத்து வந்து முன்னால் வைத்தாள். கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"முருகா, இனிமேல் எங்க நங்கையா தண்ணி குடிச்சாத்தான் நான் குடிப்பேன். அவங்க குடிக்காத அன்னைக்கு எனக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. என்ற உசிரு இருக்கற வரைக்கும் இது வேண்டுதல்."

நங்கையா வெடுக்கென்று திரும்பினார். "அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிப்போட்ட? வாபஸ் வாங்கு!"

"சாமிகிட்ட வெச்ச வேண்டுதல வாபஸ் வாங்கலாமுங்களா நங்கையா? நீங்களே சொல்லுங்க."

ஸ்ரீதேவியும் மத்தியானத்திலிருந்து எதுவும் குடித்திருக்கவில்லை. அவள் காய்ந்த உதட்டைப் பார்த்துவிட்டு, நங்கையா செம்பை எடுத்தார். பாதியைக் குடித்தார். மீதியை அவளிடம் நீட்டினார்.

இளவழகன் திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் கரி. அந்த ஊர் வெல்டிங் பட்டறை ஒன்றில் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் அறுத்து ஒடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அக்காளின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நாற்காலியையே பார்த்துப் பேசினார்.

"இனி எந்தக் கதவுக்கும் போகும்க்கா. ஒரு பக்கத்துக் கிளிக்குத்தான் றெக்க போயிருச்சு."

"போகட்டும் உடுடா. எனக்கு ஒத்தக் காலு, அதுக்கு ஒத்த றெக்க. ஜோடி சரியாப் போச்சு."

மறுநாள் காலையில் நாற்காலி மணலில் நாலடி போவதற்குள் புதைந்து நின்றுவிட்டது. அத்தனை இரும்பையும் மணல் இழுத்துக்கொண்டது. நங்கையா கடலை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கிருந்தே தெரியுது, போதும் தம்பி" என்றார்.

"லாரி மணல்ல மாட்டுனா உட்டுட்டா வந்தர்றோம்?" என்றார் செங்கோடன். வேனுக்கு ஓடிப் போய்த் தார்ப்பாயைக் கொண்டுவந்து விரித்தார். எங்கள் ஊர் வண்டியில் எது இல்லாவிட்டாலும் தார்ப்பாய் இருக்கும். நங்கையாவை அதன் நடுவில் உட்கார வைத்து, முன்பக்கம் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். முடிக்காணிக்கை செலுத்திய மொட்டைத் தலையோடு நின்ற இரண்டு பேர், யார் எவர் என்று கேட்காமல் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தார்கள்.

"மெதுவா இழுங்க சாமி, முட்ட லோடுங்க!" என்று நங்கையா கத்தினார். இழுத்தவர்களுக்குச் சிரிப்பில் கை தளர்ந்து போனது.

முதல் அலை வந்து சூம்பிய காலை நனைத்தது. அவர் அந்தக் காலைக் கையால் எடுத்து இன்னும் கொஞ்சம் முன்னால் வைத்தார். அடுத்த அலை தலைக்கு மேலேயே வந்தது. ஸ்ரீதேவி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் முழுகினாள். பொய் சொன்னதற்கு நங்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கோயிலுக்குப் போய் முருகனைக் கண் நிறையப் பார்த்தார்கள். அப்பன் கோபித்துக்கொண்டது போலத் தெரியவில்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

திரும்பும் வழியெல்லாம் ஸ்ரீதேவிக்கு அவசரம்.

"ஏனுங்க, வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க."

"மறுபடியுமா? இது வேனா, டவுன் பஸ்ஸா?" என்று அலுத்துக்கொண்டார் இளவழகன்.

"நங்கையா, எனக்கு ஒத்தையில போகப் பயமா இருக்குது. கூட வாரீங்களா?" என்பாள் ஸ்ரீதேவி. ஒடுங்கிய நாற்காலி கதவுக்குள் போகும். நங்கையா அவளை ஒரு பார்வை பார்ப்பார். ஒருவர் கதவுக்கு வெளியே காத்திருக்க, மற்றவர் உள்ளே போய் வருவார்.

அதற்குப் பிறகு பழனி, பவானி, ஒறம்பரை வீட்டு விசேஷம் என்று நங்கையா போகாத இடமில்லை. எங்கே போனாலும் வேனில் இரண்டு செம்பு தண்ணீர் இருக்கும். அவர் முதலில் குடிப்பார், பிறகு இவள் குடிப்பாள்.

போன ஐப்பசியில் ஸ்ரீதேவி, அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சென்னிமலை கிளம்பினாள். நங்கையாவுக்கு நெஞ்சுச் சளி. அவரைப் பார்த்துக்கொள்ள பிரீத்தி இருந்தாள். ஸ்ரீதேவி திரும்பி வருவதற்குள் அவர் தூக்கத்திலேயே முருகன் காலடி சேர்ந்துவிடுவார் என்று யாருக்குத் தெரியும்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கியவளை, கிளி போட்ட நாற்காலியில் இருந்தபடி அவர் கூப்பிட்டார். பக்கத்திலிருந்த செம்பை எடுத்து, அவள் பார்க்கும்படி ஒரு மடக்குக் குடித்தார்.

"நான் குடிச்சுட்டேன். இனி நீயும் வழியெல்லாம் குடிச்சுக்கிட்டே போ அம்மிணி. நான் கூட இல்லீன்னு தொண்டை காஞ்சு போகாத. பஸ்ஸ நிறுத்தச் சொல்ல வெக்கமா இருந்தா, நங்கையாவுக்கு அவசரம்னு என்ற பேரச் சொல்லி நிறுத்திக்க."