வள்ளத்து நீலம்

அன்று காலை உமாராணிக்குக் கோபமெல்லாம் காற்றின் மேல்தான். முந்தின நாள் ஸ்பிரிட் பாலிஷ் போட்டு வைத்த அலமாரிக் கதவு ஈரக்காற்று பட்டு வெள்ளை பூத்துக் கிடந்தது. இது மூன்றாவது முறை. தூத்துக்குடி துறைமுகச் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு, பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கத் தொடங்கியதிலிருந்து மழைக்காலம் வந்தாலே அவளுக்கு இந்தப் பாடுதான்.

"சனியன்" என்று சொல்லிக்கொண்டே உப்புத்தாளை எடுத்தாள்.

அலமாரி புன்னைக்காயல் டெரன்ஸுடையது. கப்பலில் வேலை பார்ப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். கொண்டுவந்தபோது அது முழுக்க நீலமாக இருந்தது, மீன்பிடி வள்ளத்துக்கு அடிக்கிற அதே நீலம்.

"உள்ள நல்ல தேக்குக்கா. மரம் தெரியணும்."

"யாரு அலமாரி தம்பி?"

"அம்மாவோடது. தங்கச்சியப் பாக்க மெட்ராஸ் போயிருக்காவ. வந்து பாத்து அசந்துரணும்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்களேன்."

"கேட்டா வேண்டாம்பாவக்கா."

அவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

சூடு காட்டிச் சுரண்டினால் நீலத்துக்கு அடியில் இன்னொரு நீலம் வந்தது. அதற்கடியில் பச்சை, அதற்கும் கீழே மறுபடி நீலம். கதவில் செதுக்கியிருந்த திராட்சைக் கொடியில் ஒவ்வொரு பழத்தின் இடுக்கிலும் பெயிண்ட் இறுகிப் போயிருந்தது. ஊசியால் குத்திக் குத்தி எடுத்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்தது. சோறு பிசையக்கூட முடியவில்லை. "இத அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துரு ளா" என்றான் அவள் கணவன் பாலகணேஷ். அவள் கேட்கவில்லை.

ஒருவழியாக மழை விட்டு வெயில் அடித்தது. பாலிஷ் வெள்ளை பூக்காமல் நின்றது. தேக்கின் வரிகள் தேன் நிறத்தில் மினுங்கின. பார்க்கப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது.

டெரன்ஸ் அம்மாவைக் கொட்டகைக்கே கூட்டி வந்தான். ரொசாரியம்மாள் அலமாரியைத் தாண்டிப் போய், அங்குமிங்கும் தேடினாள்.

"எங்கல நம்ம அலமாரி?"

"இதாம்மா."

அவள் திரும்பி வந்து திராட்சைக் கொடியைத் தடவிப் பார்த்தாள்.

"நீலம் எங்க?"

"உரிச்சாச்சும்மா."

"அது உங்க அப்பா கையால அடிச்சதுலா! இருந்த வரைக்கும் வருசா வருசம் வள்ளத்துக்கு அடிக்கும்போதே இதுக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சிருவாவ." பிறகு உமாராணியைப் பார்த்தாள். "ஏளா, உன் வேல நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு வீட்டு அலமாரியோ மாதிரிலா இருக்கு."

"நான் அப்பவே சொன்னேன்லா தம்பி?" என்றாள் உமாராணி. டெரன்ஸ் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேல நீலத்த அடிச்சிருங்கக்கா."

"பாலிஷ் மேல பெயிண்ட் புடிக்காது. பூராவும் திரும்பத் தேய்க்கணும்."

"தேய்ச்சிருங்க."

அவர்கள் போன பிறகு வெகுநேரம் அவள் அதைத் தொடவில்லை. தொட்டபோது, முதல் இழுப்பிலேயே மினுமினுப்பு மங்கித் தூளாய் உதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். வள்ளத்துப் பெயிண்ட் விற்கும் கடையில் டப்பா வாங்கி வந்து, இரண்டு கோட் அடித்து அனுப்பினாள். அலமாரியை ஏற்றிய வேனில் தான் போகவில்லை.

மறுநாள் டெரன்ஸ் போன் செய்தான்.

"அக்கா, அம்மாவுக்கு ரொம்பச் சந்தோசம். ஆனா நீலம் கொஞ்சம் வெளுப்பா இருக்காம். இன்னொரு கோட்டு..."

உமாராணி போனை வைத்துவிட்டு, கை நகத்தில் ஒட்டியிருந்த நீலத்தை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தாள்.