பூட்டி அனுப்பிய ஜிப்

கம்ப்யூட்டர் வைரஸ்களை ஆராய்வது என் தொழில். தூத்துக்குடி வீட்டு மாடியில் இருந்தே ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் பலருக்கு நான் லேப்டாப் ரிப்பேர்காரன்.

என் மனைவியின் அண்ணன் டிரெய்லர் ஓட்டுகிறார். கன்டெய்னர் யார்டுக்குள் நுழையத் தேவையான ஆன்லைன் டோக்கன் அவர் போனில் திறக்கவில்லை என்று என்னிடம் நீட்டினார். திறந்து கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்த இணைய முகவரியின் கடைசி எண்ணை மாற்றிப் பார்த்தேன். யாரோ ஒரு டிரைவரின் லைசென்ஸ், போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் வந்து நின்றது.

“என்ன மாப்ள, முழிக்கீங்க?”

“நெட் ஸ்லோ மச்சான்.”

எங்கள் தொழிலில் அதுதான் ஒழுங்கு. ஓட்டையைக் கண்டால் இணையதளத்தை நடத்துகிறவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். அவர் அடைக்கும்வரை வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது. மச்சான் லைசென்சும் அதே ஓட்டைக்குள்தான் கிடந்தது.

டோக்கன் தளத்தை நடத்துகிற அண்ணாச்சிக்கு, என் பெயர் இல்லாத கம்பெனிப் பொது முகவரியில் இருந்து மெயில் போட்டேன். தலைப்பு, ‘மிக அவசரம்’. எந்த எண்ணை மாற்றினால் என்ன வரும் என்று ஒரு வரி. ஆதாரப் படங்களை ஜிப் ஃபைலில் பூட்டி, கீழேயே பாஸ்வேர்டு. வைரஸ் மாதிரிகளை நாங்கள் எங்களுக்குள் அப்படித்தான் அனுப்பிக்கொள்வோம். கை தானாகச் செய்துவிட்டது.

பதினைந்து நாள் பதில் இல்லை. மறுபடியும் அதையே அனுப்பினேன். அண்ணாச்சியின் அலட்சியத்தை மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினேன். அவர் அலுவலகம் என் வீட்டில் இருந்து பைக்கில் பத்து நிமிஷம்.

மறுநாள் ஒருவழியாக நேரில் போனேன். பார்த்ததுமே டீ சொன்னார்.

“சார், போன மாசம் ஷிப்பிங் ஏஜென்ட்டுகளுக்கு கிளாஸ் எடுத்தீங்கல்லா. தெரியாத ஆளு, அவசரம்னு தலைப்பு, பூட்டுன ஜிப்பு, பக்கத்துலயே பாஸ்வேர்டு. வந்தா தொடாம அழிச்சிருங்கன்னு. அச்சு அசலா அப்படியே ஒண்ணு வந்திச்சு. அழிச்சிட்டேன்.”

முகத்தில் முதல் மார்க் வாங்கியவரின் பெருமை.

“நேத்து மறுபடியும் அனுப்பிருக்கான். நாலு பேரை உஷார்படுத்தணும்னும் சொன்னீங்கல்லா. இன்னைக்குக் காலையில அந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏஜென்ட் குரூப், டிரைவர் குரூப் எல்லாத்துலயும் போட்டுட்டேன்.”

அனுப்பியவன் நான்தான் என்று சொன்னேன். அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினேன். பாவம், ஆடிப்போய்விட்டார். டீ வருவதற்குள் தளத்தையே நிறுத்தினார். எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வாசலுக்கு வந்ததும் மச்சான் போனில் கூப்பிட்டார்.

“மாப்ள, காலையில குரூப்ல ஒரு போட்டோ வந்திச்சு. அதுல சொன்ன மாதிரி நம்பரை மாத்துனா எவன் எவன் லைசென்சோ வந்திச்சு. அப்போ என்னுதையும் யாரும் பாத்திருக்கலாம்லா?”

“ஆமா மச்சான்.”



“அன்னைக்கு என் போனை வாங்கி வச்சுக்கிட்டு முழிச்சீங்களே. இதானா?”

நெட் ஸ்லோ என்று மறுபடியும் சொல்ல வாய் வரவில்லை. அவமானமாக இருந்தது. இதுதான் என்றேன்.

“சரி மாப்ள. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறவாவது சொன்னீங்களே” என்று போனை வைத்தார்.