சீனி காக்கா கடத்தல்காரர் இல்லை

புதுமடம் சீனி காக்கா இன்று காலையில் இறந்துவிட்டார்.

செய்தி வந்த அதே வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த நிமிடமே ஒருத்தன் எழுதுகிறான்... "அந்த ஒயர்லெஸ் கடத்தல் சீனிதானே?" பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு.

தம்பி, நீ யாரென்று எனக்குத் தெரியாது. உன் அப்பனே அப்போது பிறந்திருக்க மாட்டான். உட்கார்ந்து இதைப் படி.

அறுபதுகளின் நடுவில் நானும் காக்காவும் குவைத்தில் ஒரே கம்பெனி. அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நானும் காக்கா என்றே கூப்பிடுவேன். நான் முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், லாரி டிரைவர். அவர் கப்பலில் ஒயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து கரைக்கு வந்தவர். லாரியும் ஓட்டுவார்.

ஜெர்மனியிலிருந்து மூன்று புது லாரிகளைத் தரை வழியாகவே குவைத்துக்கு ஓட்டி வர எங்களை அனுப்பினார்கள். முன்னால் மேனேஜர், நடுவில் காக்கா, கடைசியில் நான்.

லாரிக்கு லாரி பேசிக்கொள்ள ரேடியோ செட் வாங்கியது மேனேஜர். மாட்டச் சொன்னது மேனேஜர். எந்த எல்லையிலும் அதைக் காட்டாமல் சீட்டுக்கு அடியில் ஒளிக்கச் சொன்னதும் மேனேஜர்தான். இன்னொரு தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள்.

யூகோஸ்லாவியாவில் நாள் முழுக்க ஒரே நேர் ரோடு. எனக்குக் கண் சொருகும். காக்காவுக்கு எப்படித்தான் தெரியுமோ, செட்டில் கூப்பிடுவார்...

"ஏலே கருப்பையா, தூங்கிராத. ஒங்க ஊர்ல ஆட்டுக்கறிக்கு என்னென்ன போடுவாக, ஒண்ணொண்ணா சொல்லு."

நான் சொல்லச் சொல்ல மேனேஜர் குறுக்கே வந்து இங்கிலீஷில் கத்துவார். காக்கா ரொம்பப் பணிவாக "எஸ் சார்" என்பார். அடுத்த நொடி என்னிடம், "ம்... மிளகாய அரைச்சிட்டியா?"

துருக்கி மலைப்பாதையில்தான் எல்லாம் நடந்தது.

நல்ல பகல். ஆனால் பனி கொட்டிக் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பனி என்றால் மார்கழியில் புல் மேல் இருப்பதுதான்.

கீழே ராணுவ செக்போஸ்ட் வருகிறது, எல்லோரும் செட்டை அணையுங்கள் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அணைத்தேன். அதற்குப் பிறகு பாதை பிரிகிற இடத்தில் தப்பான பக்கம் திரும்பிவிட்டேன். முன்னால் போன லாரியைக் காணோம்.

பயத்தில் செட்டைத் திரும்பப் போட்டேன். காக்கா ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கருப்பையா... எங்கனலே இருக்க?"

"தெரியல காக்கா. வலது பக்கம் பள்ளமா இருக்கு. டயர் வழுக்குது."

"பதறாத. மெதுவா கொஞ்சம் முன்னாடி போ. என் சத்தம் தெளியுதா, மங்குதா?"

"மங்குது."

"அப்ப அங்கன போகாத. நிப்பாட்டு. ரிவர்ஸ் எடு... இப்ப?"

"தெளியுது காக்கா."

நடுவில் மேனேஜர் குரல், செட்டை அணை, அணை என்று. காக்கா இந்தத் தடவை எஸ் சார் சொல்லவில்லை. "என் ஆளு வந்து சேராம அணைக்க மாட்டேன்" என்றார், தமிழிலேயே.

ஊர்ந்து ஊர்ந்து பின்னால் வந்தேன். பாதை கிடைத்தது. தூரத்தில் அவர் லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"அழுகாதலே. இப்ப செட்டக் கழட்டிப் பள்ளத்துல வீசிட்டு வா. ஒங்கிட்ட செட்டே இருந்ததில்ல. வெளங்குதா?"

வீசினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ராணுவ ஜீப் வந்து அவரைச் செட்டோடு பிடித்துவிட்டது.

எங்கள் பேச்சைக் கீழே செக்போஸ்டில் கேட்டிருக்கிறார்கள். புரியாத பாஷை... ஒற்றர்களின் ரகசியப் பேச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். மங்குது, தெளியுது. இதுதான் ரகசியம்!

மேனேஜர் தன் செட்டை அதற்குள் தூக்கி எறிந்திருந்தார். செக்போஸ்டில் ஆபீசரிடம் கூசாமல் சொன்னார், "ரேடியோவா? எனக்குத் தெரியாது. இவன் சொந்தமாகக் கொண்டுவந்திருப்பான்."

பொய், பொய் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். துப்பாக்கிகளுக்கு நடுவில் நின்ற காக்கா என் பக்கம் திரும்பினார்.

"வாய மூடு கருப்பையா. ரெண்டு பேரும் உள்ள போயி என்ன ஆகப்போகுது? வண்டிய எடு."

ஒரு வருஷத்துக்கு மேல் ஜெயில். கம்பெனி ஒரு வக்கீலைக்கூட அனுப்பவில்லை. கேட்டுக் கேட்டு என் வேலை போனதுதான் மிச்சம்.

ஊருக்குத் திரும்பினார். எதிரே சிலோன். ஒயர்லெஸ்ஸோடு வெளிநாட்டில் பிடிபட்டவன் என்றால் நம் கடற்கரையில் என்ன சொல்வார்கள்? கடத்தல் படகுக்கு சிக்னல் கொடுத்தவன். அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது.

எங்கே எந்தப் படகு பிடிபட்டாலும் முதலில் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். மகளுக்கு வந்த சம்பந்தங்கள் வாசலோடு திரும்பிப் போயின. மேனேஜர் மட்டும் சாகிற வரைக்கும் பெரிய மனிதர்.

ஒரு தடவை புதுமடம் டீக்கடையில் நின்று நடந்ததையெல்லாம் கத்தினேன். பாதியிலேயே காக்கா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"விடுலே. அல்லாஹ்வுக்குத் தெரியும். அது போதும்."

"ஊருக்குத் தெரிய வேணாமா காக்கா?"

அதற்குப் பிறகு எங்கே பேச வாயெடுத்தாலும் தடுத்துவிடுவார். உங்கள் மேலும்தான் கோபம் காக்கா... இன்றைக்கும்.

சற்று முன் அவர் மகள் போன் செய்தது. என்னைச் சித்தப்பா முறையில் சாச்சா என்றுதான் கூப்பிடும்.

"அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம் சாச்சா. ஊரே வரும். வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. வாப்பா இனிமே தடுக்க மாட்டாக."

பஸ் ஏறிவிட்டேன்.

வாரேன் காக்கா.