சாக்கடை மூடியும் என் முகமும்

என் கால்கள் பல ஊர் பார்த்தவை. முகத்துக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. என் வீட்டுக்காரர் எடுத்த படங்களை வைத்து என்னைத் தேடினால், கணுக்காலுக்கு மேல் நான் எங்குமே போனதில்லை என்றுதான் தோன்றும்.

எல்லாம் மகள் ஜப்பானுக்கு வேலைக்குப் போனதில் ஆரம்பித்தது. முதல்முறை நாங்கள் போனபோது, ஊரைச் சுற்றிக் காட்ட ஆசை ஆசையாக அழைத்துப் போனாள். இவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். காலடியில் ஒரு சாக்கடை மூடி. வட்டமான இரும்பில் ஒரு பூமரம், மரத்தடியில் ஆறு, ஆற்றில் மீன், எல்லாவற்றுக்கும் வண்ணம் வேறு. “பாரேன், சாக்கடைக்குப் போயி எவ்ளோ அழகு பண்ணி வெச்சிருக்காங்க!” என்றார். பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. உடனே போனை எடுத்தார். அன்றோடு மனிதர் கெட்டார்.

அந்த நாட்டில் ஊருக்கு ஊர் மூடி வேறு. ஒன்றில் கொக்கு, ஒன்றில் படகு, ஒன்றில் கோட்டை. நாங்கள் கோட்டையைப் பார்க்க, இவர் கோட்டை போட்ட மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜக் கோட்டை பின்னால் நிற்கிறதே என்றால், “அது எங்க போயிடப் போவுது?” என்றார். மூடி மட்டும் எங்கே போய்விடும் என்று கேட்டேன். அதற்குள் அடுத்த மூடியைத் தேடிப் போய்விட்டார்.

ஒவ்வொரு படத்துக்கும் என் கால் வேண்டும். “ஓரமா ஒரு கால வை. மூடி எவ்ளோ பெருசுன்னு தெரியணும்ல?” சரி என்று ஷூ காலை வைத்தேன். அதற்கும் சம்மதமில்லை. ஷூவைக் கழற்ற வேண்டுமாம், சாக்ஸையும் கழற்ற வேண்டுமாம்.

“இந்தக் குளிர்லயா? ஷூவோடயே இருக்கட்டுமே.”

“ஷூ போட்டா யாரு காலு வேணா இருக்கலாம். கழட்டு.”

கழற்றினேன். மூடி ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. மகள் எங்களைத் தெரியாதவள்போல ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டாள். அந்தப் பக்கம் வந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். இவரும் குனிந்தார். நான் ஒற்றைக் காலில் நின்றபடி, கையில் ஷூவோடு, முடிந்த மட்டும் குனிந்தேன்.

ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. மைசூருக்குப் போனோம், பாண்டிச்சேரிக்குப் போனோம். எங்கே போனாலும் நான் கடலைப் பார்ப்பேன், அரண்மனையைப் பார்ப்பேன். இவர் தரையைப் பார்ப்பார். வழியில் சில்லறை தொலைத்துவிட்டாரோ என்று யாராவது கூடவே தேட ஆரம்பிப்பார்கள். எங்கள் திருவண்ணாமலைதான் அவரைக் கைவிட்டது. இங்கே மூடி என்றால் கட்டம் போட்ட இரும்பு, இல்லையென்றால் மொட்டைச் சிமெண்டு. எங்கள் தெருமுனையில் ஒரு மூடி பாதி உடைந்து, யாரும் விழாமலிருக்க அதில் ஒரு வேப்பங்கிளையைச் சொருகி வைத்திருந்தார்கள். அதையே சுற்றிச் சுற்றி வந்தார். “எவ்வளவோ ஊர்ல எடுத்தாச்சு, நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இல்லையே,” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இந்த வருடம் அவருக்கு அறுபது நிறைந்தது. அறுபதாம் கல்யாணம் என்றால் மண்டப வாசலில் பேனர் வைக்காமல் முடியாது. சொந்தக்காரர்கள் சாப்பாட்டை மறந்தாலும் பேனரை மறக்க மாட்டார்கள். கீழ்பென்னாத்தூரில் என் ஓரகத்தி வீட்டு விசேஷத்தில், நல்ல போட்டோ கிடைக்காமல் ஆதார் அட்டைப் படத்தையே பெரிதாக்கிப் போட்டுவிட்டார்கள். திருடும்போது பிடிபட்ட முகத்தோடு, ஆள் உயரத்துக்கு நின்று, அவள் எங்களை வருக வருக என்றாள். விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. என் ஆதார் படம் அவளுடையதைவிட மோசம் என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. மலை பின்னால் தெரிய, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம். என் முகம் நன்றாக விழுந்த படம். இத்தனை ஊருக்குக் கூடவே போய்க் கால் கொடுத்தவளுக்கு, அது பெரிய ஆசையாகத் தெரியவில்லை. என் போனில் எடுக்க வழியில்லை. இட்லி மாவுக்குள் விழுந்து எழுந்ததிலிருந்து அதற்கு எல்லாமே பனிமூட்டம்தான்.

“நாளைக்குக் காலைல போலாம். மூடி கீடி எதுவும் கிடையாது, போதுமா?” என்றார். மறுநாள் மதியத்துக்குள் படம் வேண்டும் என்று பேனர் கடையில் சொல்லியிருந்தார்கள். ஊருக்குள் நின்று எடுத்தால் மலையின் தோளில் லாட்ஜ் போர்டும் கரண்டுக் கம்பியும் ஏறிக்கொள்ளும். அதனால் அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதைக்கு ஸ்கூட்டரில் போனோம். அவர் பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நான் மாம்பழ நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி. செருப்பை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டு இறங்கினோம். பௌர்ணமி இல்லைதான், இருந்தாலும் கூட்டம் கூட்டமாக மலை சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மலை பளிச்சென்று இருந்தது. நல்ல இடம் தேடி நாலடி நடந்தவர் நின்றுவிட்டார். அந்த நிற்பை நான் அறிவேன்.

பாதையோரக் கால்வாயின் மேல் வட்டமாக ஒரு சிமெண்டு மூடி. ஈரம் காய்வதற்குள் யாரோ கொத்துக்கரண்டி முனையால் அதில் ஒரு தாமரையைக் கீறி வைத்திருந்தார்கள். பாதியை மண் மூடியிருந்தது.

“ஏய், இங்க வந்து பாரேன்! நம்ம ஊர்லயே இருக்குது!” என்றார். “ஓடியா, வந்து ஒரு கால வை.”

“நான் வர மாட்டேன். மூடி கிடையாதுன்னு யாரு சொன்னது?”

“ஒண்ணே ஒண்ணு.”

நான் புளியமரத்தடிக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து தாமரைமேல் நிதானமாக ஊற்றினார். தோள் துண்டால் இதழ் இதழாகத் துடைத்தார். மறுபடி ஊற்றினார். எங்கள் ஊரில், அதுவும் கிரிவலப் பாதையில், விபூதி பூசிய ஒருவர் தரையில் இருக்கும் ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் அதற்குப் பெயர் அபிஷேகம். இதை அவரைத் தவிர அந்தப் பாதையில் போன எல்லோரும் உடனே புரிந்துகொண்டார்கள்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா முதலில் நின்றார். “ஐயா, இங்க எந்தச் சித்தருங்க அடக்கம் ஆயிருக்காரு?”

இவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதெல்லாம் தெரியாதும்மா. ரொம்ப நாளா இங்கதான் இருந்திருக்குது, ஒருத்தரும் கவனிக்கல. தாமரையப் பாத்தீங்களா?”

வேறென்ன வேண்டும்? அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையிலிருந்து பூ வந்தது, பின்னாலேயே கற்பூரம் வந்தது. கூட வந்தவர்கள் மூடியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். தாமரையில் கரி ஏறுவதைப் பார்த்து இவர் பதறிப்போனார். “அம்மா, அம்மா, இது சாக்கடை மூடிங்க!”

“இருக்கட்டுமே ஐயா. சாமி எங்க வேணா இருக்கும்,” என்றார் அந்த அம்மா, இவரைவிடத் தெளிவாக.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய், “போதும், இப்ப நம்ம படத்த எடுங்க,” என்றேன். அந்த அம்மாவே எடுத்துத் தருவதாகச் சொன்னார். இவர் போனைத் தட்டினார், மறுபடி தட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். “போன்ல எடமில்ல.”

ஊரெல்லாம் இருக்கும் மூடி அத்தனையும் உள்ளே இருக்கிறது, நான் நிற்க இடமில்லை. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மல்லி வாட ஆரம்பித்திருந்தது, பவுடர் வழிய ஆரம்பித்திருந்தது, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அழுகை முட்டியது.

“நாலு மூடிய அழிங்க. குடியா முழுகிடும்?”

அவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எதையும் அழிக்கவில்லை.

“மனசு வரலல்ல? சரி, என் காலு இல்லாத படமா பாத்து அழிங்க,” என்றேன், குத்தலாகத்தான்.

அவர் குத்தலைக் கவனிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு கடைசிவரை தேடினார். “உன் காலு இல்லாம ஒண்ணுகூட இல்லியே,” என்றார். கொஞ்சம் யோசித்து, “இப்ப எடுத்ததத் தவிர,” என்றார். அவ்வளவு நாள் தேடிக் கிடைத்த நம்ம ஊர்த் தாமரையை, எடுத்த அத்தனை படத்தையும், ஒன்றுவிடாமல் அழித்தார்.

ஷூ போட்டால் யார் கால் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. முறைத்துக்கொண்டிருந்த நான், அந்த முறைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த அம்மா எங்களை மூடிக்குப் பின்னால் ஜோடியாக நிற்க வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தேன். “விழுந்துடுச்சுங்க, நல்லா விழுந்துடுச்சு!” என்று போனைக் கொடுத்துவிட்டு மலை சுற்றப் போய்விட்டார். கடைக்கு நேரமாகிவிட்டதால் இவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பேனர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் படத்தைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, “சார், தலை எங்க?” என்றாள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சாமி முழுசாக விழ வேண்டும் என்று எடுத்திருக்கிறார். நடுவில் தாமரை, மேலே பூ, எரிகிற கற்பூரம். அதற்குப் பின்னால் இரண்டு ஜோடிக் கால்கள். பட்டு வேட்டிக் கரை, புடவைக் கரை, அதோடு படம் முடிந்தது. மலையும் இல்லை, நான் சேர்த்து வைத்துச் சிரித்த சிரிப்பும் இல்லை.

“பரவால்லம்மா, ஆதார் கார்டு குடுங்க,” என்றாள் அந்தப் பெண்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ ஊரில் என் கால் தனியாக நின்றிருக்கிறது. படம் எடுப்பவர் படத்துக்குள் வர முடியாது, அதனால் அவர் கால் ஒன்றில்கூட இல்லை. இதில்தான் முதல்முறையாக என் காலுக்குப் பக்கத்தில் அவர் கால் இருந்தது.

“ஆதார் வேணாம்மா. இதையே போடுங்க,” என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூடியைப் பார்க்கும் அதே பார்வை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

விசேஷத்தன்று பேனர் ஆள் உயரத்துக்கு நின்றது. வந்தவர்கள் அதற்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு பேர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன். பேர் போட்டிருக்கும் இடத்தை யாரும் படிக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் ஓரகத்தி தூரத்திலிருந்தே, “இது நம்மவ காலுதான். சுண்டு விரலு பக்கத்து விரலு மேல ஏறி உக்காந்திருக்கும், எனக்குத் தெரியாதா?” என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். பழைய பாக்கியை அன்றைக்குச் சிரித்துத் தீர்த்தாள்.

இப்போது மறுபடி மகளிடம் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். அங்கே குளிர்காலமாம். முகத்துக்கு ஒரு பவுடர் டப்பாகூட நான் வாங்கவில்லை. கொலுசு மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டேன்.