முல்லையாற்றில் மீன் விட்ட விழா

மைக் கிடைத்தால் எனக்குக் கண் தெரியாது, காதும் கேட்காது. சாய மில்லின் கழிவால் மீனற்றுப் போன முல்லையாற்றுக்கு உயிர் கொடுக்க, எங்கள் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குஞ்சு விட்டது. தண்ணீர் பளிச்சென்று இருந்ததால், ஆறு பிழைத்துவிட்டது என்று நானே மைக்கில் அறிவித்தேன். மீனில்லாமல் செங்கல் சுமக்கப் போய்விட்ட வலைக்காரர் ஒருவர் ஏதோ சொல்ல வந்தார்.

"பேச்செல்லாம் பெறகுண்ணே, மொதல்ல வலையத் தைச்சு வைங்க" என்று அவருக்கும் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பினேன்.

மைக்கில் அத்தனை உறுதியாகச் சொன்னதால், அவரும் தன் சந்தேகத்தை விட்டு, நம்பித்தான் வலையைத் தைத்திருக்கிறார். மறுநாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நின்றார். ஆறு செக்கச்செவேலென்று ஓடியது; குஞ்சுகள் செத்து மிதந்தன.

"நேத்து தண்ணி அம்புட்டுத் தெளிவா கெடந்துச்சேண்ணே?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம மில்லு லீவு, சார்."